பின்னே தள்ளி வைத்த கடிகாரம்

ஹார்ட்ஃபோர்ட்,
22 ஆகஸ்ட் 1999

அன்பு மாமாவுக்கு,

எழில் எழுதுவது. உங்கள் கடிதம் வந்து, ஆடி போய் ஆவணியும் பிறந்துவிட்டது. இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத உட்காருவேன், ‘குயிலி எப்படி இருக்கிறாள்’ என்று ஒரு வரி வரும், அதோடு நின்றுவிடும். அப்படி நின்றுபோன தாள்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது.

சாப்பிடுகிறாளா? அம்சம் அண்ணி தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறார்களா? ஆற்றில் தண்ணீர் வந்திருந்தால் கொல்லைக் கதவைத் தாழ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இப்போது ஓடுகிற வயசு. நான் கிளம்பும்போது நம் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

போன ஞாயிறு டெலிபோன் பூத்தில் ரிசீவரை அவள் காதில் வைத்தீர்களே, அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். “யாரு பேசுறது, சொல்லு?” என்று நீங்கள் கேட்டதும் “பஸ்ஸு” என்றாள். வெளியே கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்தது எனக்கும் கேட்டது. சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

அப்படி என்ன வேலை, ஆறு மாதம் என்று போனவளை ஒரு வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இது இன்ஷூரன்ஸ் கம்பெனி. சம்பளம், பாலிசி எல்லாவற்றையும் ஒரு பழைய சிஸ்டம் பார்த்துக்கொள்கிறது. நான் பிறப்பதற்கு முன்னால் எழுதியது. இப்போது ஒரு அறை அளவுக்குப் புது மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பழையது அதில் நேராக ஓடாது. அதனால் புது மெஷினுக்குள்ளேயே, பழைய மெஷின் ஒன்று இருப்பது போலப் பாவனை காட்டுகிற ஏற்பாடு செய்து அதற்குள் இதைக் குடிவைத்திருக்கிறோம். ‘கெஸ்ட்’ என்பார்கள், விருந்தாளி. விருந்தாளிக்குத் தான் விருந்தாளி என்பது தெரியாது. மொத்த மெஷினும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு ஓடும். துளையிட்ட அட்டைகளைப் படிக்கிற இயந்திரத்தை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இது இன்னும் அட்டைக்காகக் காத்திருக்கிறது, நாங்கள் இல்லாத அட்டையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊர்ப் பண்ணை ஞாபகம் வந்தது. ஆட்சி மாறி, சட்டம் மாறி, மேலே எல்லாம் புதுசு. உள்ளே குஞ்சிதபாதம் பண்ணை தன்பாட்டுக்கு ஓடுகிறது.

மாமா, எனக்கு இங்கே முடியவில்லை. அடுத்த ஆடியில் ஒப்பந்தம் முடியும். அதுவரைக்குமாவது குயிலியைக் கூட்டிக்கொண்டு நீங்கள் இங்கே வந்து இருங்கள். பண்ணை மேல் போட்ட நிலக் கேஸ் முடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள்
எழில்


வலங்கைமான்,
19 செப்டம்பர் 1999

அன்பு எழிலுக்கு,

நலம். குயிலி நலம். அம்சம் அக்கா நலம். காய்ச்சின தண்ணிதான். கொல்லைக் கதவுக்குத் தாழ் போதாது என்று கயிறும் கட்டியிருக்கிறது. போதுமா?

குடமுருட்டியில் தண்ணீர் வந்தது. வந்தேன், போனேன் என்று வந்தது. குறுவை பாதி பதராய்ப் போச்சு. தேர்தல் நேரம், சுவரெல்லாம் சூரியனும் இலையும். இரண்டு கட்சிக்காரரும் நம் தெருவில் கும்பிட்டுவிட்டு, காபி குடிக்க குஞ்சிதபாதம் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

நீ சொன்ன விருந்தாளிக் கதையை விவசாயச் சங்கத்தில் சொன்னேன். மருதையன், “அப்ப அந்த மெஷினுக்கும் ஒரு உச்சவரம்புச் சட்டம் போடணும் வக்கீலே” என்கிறான்.

சொல்ல வேண்டிய பெரிய சேதி ஒன்று இருக்கிறது. பண்ணை அந்த வடக்குவெளி நிலத்தை, நில உச்சவரம்புச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே அறக்கட்டளைக்கு எழுதிவிட்டதாக ஒரு பத்திரம் காட்டுகிறது அல்லவா? பதிவு செய்யாத பத்திரம், எழுபதாம் வருஷம் தை மாதத் தேதி. அதனால்தானே அப்பா தங்கையன் கையில் பட்டா இருந்தும் சாகும் வரைக்கும் அந்த வரப்பில் கால் வைக்க முடியவில்லை. போன வாரம் அசல் கையில் கிடைத்தது. வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தேன். தாளின் தலைப்பில் அறக்கட்டளை விலாசம் அச்சடித்திருக்கிறது. கடைசியில் என்ன இருக்கிறது தெரியுமா? பின்கோடு! நாட்டில் பின்கோடு வந்ததே எழுபத்திரண்டு ஆகஸ்டில். எழுபதாம் வருஷத் தாளில் அது எப்படி வந்து உட்காரும்? இத்தனை வருஷம் எத்தனை வக்கீல் கை மாறின பத்திரம். தேதியைப் பார்த்தவன் எல்லாம் தாளைப் பார்க்கவில்லை.

இந்த நேரத்தில் நான் எப்படி வர? தை அறுவடை முடியட்டும். விசாவுக்கு என்ன வேண்டுமோ அனுப்பு, பார்க்கலாம்.

குயிலி இப்போது அக்காவை விட்டு நகர்வதில்லை. மருதையனுக்கு அதிலும் கிண்டல்: “பட்டா எழில் பேருல, அனுபோகம் அம்சத்துக்கிட்ட. கோர்ட்டுக்குப் போனா தீர்ப்பு யாருக்கு?” எல்லோரும் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் குயிலியும் சிரித்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்.

அன்புடன்
இராஜாங்கம்


ஹார்ட்ஃபோர்ட்,
12 டிசம்பர் 1999

அன்பு மாமாவுக்கு,

மறுபடியும் தாமதம். இந்தத் தடவை வேலை.

பின்கோடு சேதியைப் படித்துவிட்டு, கம்பெனிக் கழிவறையில் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான். உங்கள் அப்பா கண்ணில் பட்டிருக்க வேண்டிய சேதி. மருதையன் அண்ணன் சொன்னதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் சொல்ல வேண்டாம்.

டெல்டாவில் வெள்ளம் என்று இங்கே ஒரு தமிழ்ப் பையன் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னான். மூன்று ஞாயிறு பூத்துக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை லைன் இல்லை. மூன்றாவதில் கடைக்காரர், “வக்கீல் வரலீங்களே, பாப்பாவுக்கு என்னமோ...” என்றார், அதோடு அறுந்துவிட்டது. என்னமோ என்றால் என்ன மாமா? எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் நான் அதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வேன்.

இங்கே எல்லோருக்கும் இரண்டாயிரம் பயம். நம் பழைய விருந்தாளிக்கு வருஷத்தில் கடைசி இரண்டு எண் மட்டும்தான் தெரியும். தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு பூஜ்யம் வந்தால் கணக்கு குழம்பிப்போகும். அதைத் திருத்தி எழுத ஆள் இல்லை, அவகாசமும் இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தோம். அதற்கு மணி காட்டுவது நாங்கள்தானே? அதன் கடிகாரத்தையும் அதற்குள் இருக்கிற வேலைத் தேதிகளையும் இருபத்தெட்டு வருஷம் பின்னே தள்ளி வைத்துவிட்டோம். இருபத்தெட்டு தள்ளினால் கிழமை மாறாது; சனி சனியாகவே இருக்கும். ஜனவரி பிறந்தால் எங்களுக்கு இரண்டாயிரம், அதற்கு எழுபத்திரண்டு. அது எதையும் சந்தேகப்படாது. அது அச்சடித்து வெளியே அனுப்புகிற ஒவ்வொரு தாளிலும் வாசலில் வைத்து இருபத்தெட்டைக் கூட்டிவிடுவதற்கு ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அதுதான் என் வேலை.

விசாவுக்கு நான் இங்கே வேலையில் இருப்பதாகக் கம்பெனியின் சான்றிதழ் வேண்டும். பணியாளர் பிரிவில் மார்கரெட் என்றொரு அம்மா. புது வருஷ விடுமுறை முடிந்ததும் அடித்துக் கையெழுத்துப் போட்டு, கூரியரில் நேரே உங்கள் பெயருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். வந்ததும் என் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். பத்திரம் பார்க்கிற கண் உங்களுக்கு. எனக்கு அந்த தைரியம் போதும்.

குயிலிக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே வந்ததும் போட.

உங்கள்
எழில்


வலங்கைமான்,
20 பிப்ரவரி 2000

அன்பு எழிலுக்கு,

முதலில் மனசைத் திடப்படுத்திக்கொள். குயிலிக்கு ஒன்றும் இல்லை. கார்த்திகையில் காய்ச்சல் வந்தது, வலிப்பு வரைக்கும் போனது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அக்கா பத்து நாள் போல உட்கார்ந்தபடியே தூங்கினாள். தூரத்தில் இருக்கிறவளிடம் சொல்லி என்ன செய்ய என்று, போனில் நீ கேட்டபோதெல்லாம் வெறும் சளி என்றே சொல்லிவிட்டேன். இப்போது வரப்பில் ஓடுகிறாள்.

மார்கரெட் அம்மாவின் சான்றிதழ் வந்தது. தாளே என்ன கனம்! பழக்கதோஷம், வெயிலில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே தண்ணீரில் எழுதினது போல கம்பெனி முத்திரை தெரிகிறது. தலைப்பில் நீல எழுத்தில் ஈமெயில் விலாசம். கீழே அந்த அம்மாவின் கையெழுத்து இடியாப்பம் பிழிந்த மாதிரி. அக்காவிடம் காட்டி, “பாரு, எழிலுக்கு இந்த மரியாதை” என்றேன்.

மூன்று பேருமாகச் சென்னைக்குப் போனோம். குயிலி கடலைப் பார்த்து “எம்மாம் பெரிய வாய்க்கா!” என்றாள். விசா கவுண்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டினார், சான்றிதழை இன்னொருவரிடம் காட்டினார், இரண்டு பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அவ்வளவுதான். மறுத்துவிட்டார்கள். தாளைத் திருப்பித் தரவில்லை. ஒரு முறை இப்படி ஆனால் சுலபத்தில் மறுபடி கேட்க முடியாதாம்.

என்ன செய்வது எழில். நமக்கு எழுதியது அவ்வளவு. நீ பதறிக் கிளம்பி வந்துவிடாதே. அறுவடையில் பண்ணை ஆட்கள் மறித்து, கைகலப்பாகி, தெருவில் பாதிப் பேர் மேல் வழக்கு. போலீஸ் வந்தபடி இருக்கிறது. உன்னை அங்கே அனுப்பின ஏஜென்டுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தமும் இருக்கிறது. ஆடி வரைக்கும் பொறு.

அன்புடன்
இராஜாங்கம்


ஹார்ட்ஃபோர்ட்,
12 மார்ச் 2000

அன்பு மாமா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. விசா கிடைக்காததற்குக் காரணம் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஒருத்தர் கோபமாக வந்தார். வீட்டுக்கடனுக்காக பேங்கில் கொடுத்த வேலைச் சான்றிதழைப் பார்த்து அங்கே எல்லோரும் சிரித்தார்களாம். வாங்கிப் பார்த்தேன். தேதி இருந்த இடத்தில் ஜனவரி 1972.

சம்பளச் சீட்டு, காசோலை, பாலிசி எல்லாவற்றுக்கும் வாசலில் இருபத்தெட்டைக் கூட்டினேன். எப்போதோ ஒருத்தர் கேட்டால் மட்டும் அடிக்கிற இந்தச் சான்றிதழ் வேறொரு வாசல் வழியாக வெளியே போகிறது. அந்த வாசல் எனக்குத் தெரியவே இல்லை. மார்கரெட் அம்மா அடித்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்.

என்னுடையதன் நகலையும் எடுத்துப் பார்த்தேன். சான்றிதழ் தேதி 1972. வேலையில் சேர்ந்தது 1970. இரண்டு வரி தள்ளி, மார்கரெட் அம்மா ஃபைலைப் பார்த்துச் சேர்த்த என் பிறந்த தேதி 1973. பிறக்காத ஒருத்திக்கு இரண்டு வருஷ வேலை. கள்ளப் பத்திரம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? உங்களைக் கவுண்டரில் நிற்கவைத்து அப்படிப் பார்க்க வைத்துவிட்டேனே.

அந்த வாசலை ஐந்து நிமிஷத்தில் அடைத்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை, மாமா. அதைச் செய்யாமல் விட்டு என் பிள்ளையைத் தொலைத்தேன். வலிப்பு வந்தபோது பக்கத்தில் இல்லை, வரவழைக்கவும் கையாலாகவில்லை. நான் என்ன தாய். சிவப்பு ஸ்வெட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்நேரம் அது அவளுக்குச் சிறிசாகியிருக்கும்.

மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

எழில்


வலங்கைமான்,
9 ஏப்ரல் 2000

அன்பு எழிலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கலங்கிப்போனேன். நீ என்ன வேண்டுமென்றா செய்தாய்? கைப்பிழை யாருக்கும் வரும். மன்னிக்க என்ன இருக்கிறது. நானும்தான் தேதியைக் கவனிக்கவில்லை, சத்தியமாக. கேஸ் அவசரத்தில் உறையைப் பிரித்தேன், அப்படியே மற்ற தாள்களோடு சொருகிவிட்டேன். அதோடு விடு.

நல்ல சேதி கேள். ஜெயித்துவிட்டோம். பின்கோட்டைப் படித்துவிட்டு நீதிபதி கண்ணாடியைக் கழற்றி குஞ்சிதபாதத்தின் வக்கீலைப் பார்த்தார். “இந்தத் தாள் பிறக்கிறதுக்கு முன்னாடியே தேதி பிறந்துடுச்சு போலிருக்கே?” என்றார். கோர்ட்டே சிரித்தது. பண்ணை அப்பீலுக்குப் போகும், போகட்டும். உழுதவனுக்கே நிலம் என்று முப்பது வருஷமாகக் கத்தினது வீண்போகவில்லை. வடக்குவெளியில் மருதையன் கொடி நட்டுவிட்டான்.

குயிலியின் காய்ச்சலுக்காக அக்கா மாரியம்மனுக்குப் பாடை வேண்டியிருந்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். அவள் மனசு. பங்குனித் திருவிழாவில், பிணம் போல நெற்றியில் காசு ஒட்டி, வாய்க்கட்டுக் கட்டி, மூங்கில் பாடையில் படுத்துக்கொண்டாள். பறை அடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். குயிலியை மருதையன் பெண்டாட்டி இடுப்பில் வைத்திருந்தாள். அக்காவைப் பாடையில் பார்த்ததும் பிள்ளை “அம்மா, அம்மா, எந்திரி!” என்று ஒரு கதறல். தெருவே நின்றுவிட்டது. கோயிலைச் சுற்றி முடிந்து அக்கா எழுந்து வந்து தூக்கினபிறகுதான் அடங்கினாள். அன்றிலிருந்து ‘அத்தை’ என்று திருத்தினால் அடிக்க வருகிறாள்.

யோசித்துப் பார்த்தேன் எழில். மருதையன் அன்று சொன்னது வெறும் விளையாட்டு இல்லை போலிருக்கிறது. அக்காவுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளை வேர் பிடித்த இடத்தில் இருக்கட்டும். உனக்கும் அங்கே ஒப்பந்தத்தை நீட்டிக் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, நிதானமாக யோசி. ஆடி முடிந்ததும் ஓடிவர வேண்டும் என்று இல்லை.

அன்புடன்
இராஜாங்கம்


ஹார்ட்ஃபோர்ட்,
30 ஏப்ரல் 2000

இராஜாங்கம் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் தாமதமானதற்கு வேலை காரணம் இல்லை. உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பத்திரம் படிப்பது போல, ஒவ்வொரு வரியாக.

ஏப்ரலில் எழுதுகிறீர்கள், உறையைப் பிரித்து அப்படியே சொருகிவிட்டேன் என்று. பிப்ரவரியில் எழுதியிருக்கிறீர்கள், வெயிலில் தூக்கிப் பிடித்தேன் என்று. உள்ளே இருந்த முத்திரையைப் பார்த்திருக்கிறீர்கள். தலைப்பில் இருந்த ஈமெயில் விலாசத்தைப் பார்த்திருக்கிறீர்கள். மார்கரெட் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து இடியாப்பம் என்று சிரித்திருக்கிறீர்கள். மேலே தலைப்பு, கீழே கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் இருந்த வருஷத்தை மட்டும் பார்க்கவில்லை. பின்கோடு வந்த மாதத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர், ஈமெயில் போட்ட தாளில் எழுபத்திரண்டு இருந்ததைப் பார்க்கவில்லை.

அந்தத் தாள் கையில் கிடைத்த அன்றே பூத்துக்குப் போய், “எழில், தேதி தப்பு, வேற அனுப்பு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஐந்து நிமிஷ வேலை. நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறினீர்கள். பிள்ளைக்குக் கடல் காட்டினீர்கள். நான் ஒரு மாதம் என்னையே தின்றுகொண்டிருந்தேன். அப்புறம் மன்னிப்பு வேறு கொடுத்தீர்கள்.

எனக்குப் புரியாமல் இல்லை. கேஸை விட்டு வர முடியாது. குயிலியை மட்டும் அனுப்பினால் அம்சம் அண்ணி உடைந்துபோவார்கள். மாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லவும் உங்களால் முடியாது. தப்பான தாள் ஒன்று தானாக வந்தது. அது சொல்லிவிட்டது.

நம் கல்யாணத்தில் மாலை மாற்றின கையோடு மைக் பிடித்து, உழுதவனுக்கே நிலம் என்று பேசினீர்கள். புடவைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நானும் கைதட்டினேன். இப்போது அதையே எனக்குத் தீர்ப்பாக எழுதுகிறீர்கள். நான் தரிசாகப் போட்டுவிட்டுப் போனவள் இல்லை, மாமா. மடையை அடைத்தது நீங்கள்.

குறுவை முடியட்டும் என்றீர்கள், தை அறுவடை முடியட்டும் என்றீர்கள், ஆடி வரைக்கும் பொறு என்றீர்கள், இப்போது ஆடியும் வேண்டாம் என்கிறீர்கள். இங்கே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதே அந்த விருந்தாளி, நாங்கள் காட்டுகிற தேதியைத்தான் நம்பும். வெளியே என்ன வருஷம் என்று அதற்குக் கேட்கத் தெரியாது. நானும் நீங்கள் காட்டின தேதியிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆடியில் வருவேன். வலங்கைமானுக்கு இல்லை, பூம்புகார்ப் பக்கம் என் அம்மா வீட்டுக்கு. குயிலியைப் பிடுங்க வரமாட்டேன். பாடையைப் பார்த்து அப்படிக் கதறின பிள்ளையை இன்னொரு தரம் கதற வைக்க எனக்குத் தெம்பு இல்லை. என்றாவது ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, எதிரே நின்று பார்த்துவிட்டுப் போவேன். “யாரு, சொல்லு?” என்று அவளிடம் கேட்காதீர்கள். அம்சம் அண்ணியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீரை மட்டும் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. எழுதினால் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். பார்க்கவில்லை என்று மட்டும் இன்னொரு தரம் எழுதிவிடாதீர்கள். நம்பிவிடுவேன்.

எழிலரசி